ஆசிரியர் வேலையைத் தொழில்நுட்பம் எடுத்துக்கொள்ளுமா? ஒரு கணக்கு ஆசிரியரின் பதில்

நீங்கள் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் உங்கள் அக்கா மகன், போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தமிழிலேயே கணக்குக் கேட்டுப் புரிந்துகொள்கிறான். "எங்க சாரைவிட இது நல்லா சொல்லுது" என்று அவன் சொன்னதும் உங்களுக்குப் பயம் வந்துவிட்டது. தொழில்நுட்பம் ஆசிரியரின் இடத்தை எடுத்துக்கொள்ளுமா, நான் படித்து முடித்து வரும்போது இந்த வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாடத்தை விளக்கிச் சொல்லும் வேலையை இயந்திரம் செய்யுமா? செய்யும். பல இடங்களில் இப்போதே நம்மில் பலரைவிட நன்றாகச் செய்கிறது. ஒரு பிள்ளையைக் கற்க வைக்கும் வேலையை அது தனியாகச் செய்யுமா? நான் பார்த்த வரையிலும் படித்த வரையிலும், இல்லை. அப்புறம் நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அதுதான். பிறகு அதற்கு வருகிறேன்.

நான் பேசுவது எந்த அனுபவத்திலிருந்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். 27 ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் இருக்கிறேன். முதல் 11 ஆண்டுகள் ஒரு மலையடிவாரக் கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். பிறகு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். ஆகவே என் பதில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பற்றியது. கல்லூரி, நீட் பயிற்சி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பெரியவர்கள் ஆகியோருக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம். ஏன் படிக்கிறோம் என்று தெரிந்து உட்காரும் ஒருவருக்கு நல்ல காணொளியும் நல்ல செயலியும் ஏறக்குறைய போதும் என்றுகூட நான் ஒப்புக்கொள்வேன். எட்டு வயதுப் பிள்ளையின் கதை வேறு.

வேலை இருக்குமா என்பதை முதலில் முடித்துவிடுவோம். ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை முடிவு செய்வது செயலி அல்ல, சட்டமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும்தான். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஒருவர். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.4 என்ற அளவுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் குறைந்தால் பணியிடம் குறையும். உங்கள் வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால், போனைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஒன்றியத்தின் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையைப் பாருங்கள்.

சரி, இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் மூன்றாம் வகுப்பில் கழித்தல் நடந்துகொண்டிருந்தது. 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும், விடை 25. வழக்கமான தவறு 35 என்று எழுதுவது. ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், பிள்ளை தலைகீழாக 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று போட்டுவிடும். பத்தின் இடத்தில் 5இல் 2 போக 3. ஆக 35. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கும் பழக்கம் இது. எல்லா ஊரிலும் பிள்ளைகள் செய்வதுதான். அன்று நாலைந்து பேர் 35 போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து என்று நினைத்துக் குச்சிக் கட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். அவர்களில் ஒரு பையனுக்கு மட்டும் அது ஒட்டவே இல்லை. குச்சியை வைத்துச் சரியாகக் கழிக்கிறான், நோட்டில் மறுபடியும் 35.

ரெண்டு நாள் கழித்து, தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் என் மேசை அருகே நின்றவனிடம் "இதை எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டேன். அழகாகச் சொன்னான். "ரெண்டுல ஏழு போகாது சார். பக்கத்துல பத்து கடன் வாங்கினேன். பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. அப்புறம் வாங்கின கடனைத் திருப்பிக் குடுத்துட்டேன். அஞ்சுல ரெண்டு போனா மூணு." நான் சொல்லிக் கொடுத்தது 'கடன் வாங்கிக் கழித்தல்'. தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிகளில் அப்படித்தான் சொல்கிறோம். கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்று அவன் வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்தவன். அவன் கழித்தலில் தப்பே செய்யவில்லை, என் சொல்லை நம்பினான். அடுத்த நாள் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துக் கடையில் பத்து ஒரு ரூபாய்க் காசாக மாற்றி வரச் சொன்னேன். "இது கடன் இல்லடா, சில்லறை மாத்துறோம்" என்றேன். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நான் வகுப்பில் 'கடன்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

இதை ஆசிரியர் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரே தவறான விடை, பின்னால் இரண்டு வெவ்வேறு எண்ணங்கள். விடையை மட்டும் பார்க்கும் எதுவும், அது மனிதராக இருந்தாலும் செயலியாக இருந்தாலும், இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணும். நான் ரெண்டு நாள் அப்படித்தான் எண்ணினேன். நல்ல மென்பொருள் என்றால் அடுத்து 53இலிருந்து 27ஐக் கழிக்கக் கொடுத்திருக்கலாம். முதல் வகைப் பிள்ளை 34 என்று போடும், கடனைத் திருப்பிக் கொடுத்தவன் 36 என்று போடுவான். அப்படி வேறுபடுத்திவிடலாம். அதைச் செய்யும் மென்பொருள் சாத்தியம், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் என்னைவிட வேகமாகவும் செய்யும். ஆனால் அந்தப் பையன் ஏன் திருப்பிக் கொடுத்தான் என்பதற்கான விடை நோட்டில் இல்லை, அவன் வாயில் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை தன் எண்ணத்தைத் தட்டச்சு செய்து விளக்காது. தெரிந்த முகத்திடம், அதுவும் தண்ணீர் குடிக்கப் போகும்போது சொல்லும்.

இனி இயந்திரத்தின் பக்கம். கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண், வாசிப்புச் செயலி ஒன்றின் முன்னால் ஒரே கதையைப் பதினைந்து தடவை சத்தமாக வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். தப்பாக வாசித்தால் அது சிரிக்காது, சலித்துக்கொள்ளாது. வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டுதல், பின்னப் பயிற்சி போன்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவற்றில் உடனுக்குடன் சரி, தப்பு சொல்வது என்னால் முடியாத காரியம். நான் நோட்டைத் திருத்திக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளை கணக்கையே மறந்திருக்கும். பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் திறந்துவிட்ட உலகத்தை எந்த ஆசிரியரும் தனியாகத் திறந்திருக்க முடியாது. ஆய்வாளர்களின் கணக்கும் இதைச் சொல்கிறது. குர்ட் வான்லேன் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்து உதவும் நல்ல மென்பொருள், ஒருவருக்கு ஒருவர் சொல்லித்தரும் மனித ஆசிரியருக்கு ஏறக்குறைய இணையான பலனைத் தந்திருந்தது.

அப்படியானால் பிரச்சினை என்ன? அதை எனக்குப் புரிய வைத்தது கணினி அல்ல, அட்டை. 2007-08இல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஒருவேளை அந்த முறையிலேயே படித்தும் இருப்பீர்கள். பாயில் உட்கார்ந்து, பாடப் படிகளை ஏணி போலக் காட்டும் சுவர்ப் படத்தில் தன் இடத்தைப் பார்த்து, பிள்ளை தானே தன் பாட அட்டையை எடுக்கும். இன்று செயலிகள் விளம்பரப்படுத்தும் 'தன் வேகத்தில் கற்றல்' அன்றைக்கே அட்டையில் இருந்தது. நல்ல முறை, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சில மாதங்களில் ஒன்று கவனித்தேன். ஓடுகிற பிள்ளை ஓடியது. தேங்கிய பிள்ளை அதே படியில் வாரக்கணக்கில் அமைதியாக இருந்தது. கையில் அட்டை, பக்கத்தில் நோட்டு, வெளியிலிருந்து பார்த்தால் மும்முரமாகப் படிப்பது போலவே இருக்கும். யாராவது ஒருவர் 'இது ஏன் நகரவில்லை' என்று பார்த்துக்கொண்டே இருக்காவிட்டால், தன் வேகத்தில் கற்பது தன் வேகத்தில் நின்றுபோவதாக ஆகிவிடும். அந்த முறையை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு என்று ஒன்றைத் தனியாக வைத்திருந்தார்கள். எந்தப் பள்ளியில் அந்தக் குழுவோடு ஆசிரியர் உண்மையிலேயே உட்கார்ந்தாரோ, அங்கே அது வேலை செய்தது.

என் பள்ளிக்கு வெளியே நடந்த சோதனைகளும் இதையேதான் காட்டுகின்றன என்பது என் வாசிப்பு. 2015இல் டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. நடுநிலை வகுப்புகளைச் சேர்ந்த 619 பிள்ளைகள். சேர்ந்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணக்கில் இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தது. நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம், பின்தங்கியவர்களுக்கு ஒப்பீட்டளவில் அதிகப் பயன். இதைச் செய்தியாகப் படிப்பவர்கள் 'மென்பொருள் ஜெயித்தது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே நடந்தது என்ன? தினமும் ஒன்றரை மணி நேரம். அதில் 45 நிமிடம் கணினி, மீதி 45 நிமிடம் ஓர் உதவியாளரோடு சிறு குழுவாக உட்கார்ந்து படிப்பது. மறுபக்கம், பெருவில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்த திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோது, கணக்கிலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. அங்கே கருவி போனது, கற்பிக்கும் முறை பழையபடியே இருந்தது.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. டெல்லியில் சுவரில் கணினி பதித்துப் பிள்ளைகள் தாமாகக் கற்கிறார்களா என்று 1999இல் பார்த்த சுகதா மித்ரா, பிறகு காளிகுப்பம் என்ற நம் கடலோரக் கிராமத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் உயிரித் தொழில்நுட்பப் பாடங்களை ஆங்கிலத்தில், கணினியில் விட்டுவிட்டு வந்தார். ஆசிரியர் கிடையாது. அவர் சொல்லும் கணக்குப்படி, சில மாதங்களில் தேர்வு மதிப்பெண் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்கு வந்தது. அது ஆச்சரியம்தான். ஆனால் அதற்கு மேல் 50 சதவீதத்துக்குக் கொண்டுபோக அவர் கணினியை மாற்றவில்லை. பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணைப் பின்னால் நிற்கச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. பாட்டி மாதிரி "அட, எப்படிச் செஞ்சே? எனக்கும் காட்டு" என்று கேட்பதுதான் வேலை. அது சிறு குழுவில் நடந்த சோதனை, நடத்தியவரே மதிப்பிட்டது, ஆகவே எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று பார்க்கப் புறப்பட்ட ஒருவருக்கே பாதி வழியில் ஓர் ஆள் தேவைப்பட்டார். அதை மறக்க முடியாது.

கொரோனா காலம் எல்லாவற்றிலும் பெரிய சோதனை, நாம் கேட்காமலே வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. நம்மிடம் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. 2019இலேயே கல்வித் தொலைக்காட்சி வந்துவிட்டது, பாடப்புத்தகத்தில் 2018 முதல் கியூஆர் குறியீடு இருந்தது, வாட்ஸ்அப்பில் நாங்கள் தினமும் பாடம் அனுப்பினோம். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஒரே போன், அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். போன் இருந்த வீட்டிலும் இரண்டாவது மாதத்திலிருந்து பதில் வருவது நின்றது. திறந்த அன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தங்கள் பெயரை எழுதத் தயங்கியதைப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை 2019லும் பள்ளி திறந்த பின்பும் அளந்த ஆய்வு ஒன்று, இழப்பு மொழியைவிடக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்பில் கிட்டத்தட்ட கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது. அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் யார்? மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளை உட்கார வைத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் மாற்றிவிடாதா என்று கேட்பீர்கள். இங்கே என் பேச்சில் உறுதி குறைகிறது. இந்தக் கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சில வாரங்களையே அளந்தவை. அவற்றில் நான் நம்பும் ஒன்று துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் நடந்தது, 2025இல் வெளியானது. சாதாரண அரட்டைச் செயலியை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் அதிகம் சரியாகச் செய்தார்கள். செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே இல்லாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி, ஆசிரியர்களின் அறிவுரையைச் சேர்த்து அமைத்த செயலியில் இந்தக் கேடு பெரும்பாலும் இல்லை. உங்கள் அக்கா மகன் "நல்லா சொல்லுது" என்கிறான் அல்லவா, அவனிடம் போனை வாங்கி வைத்துவிட்டு அதே மாதிரி இன்னொரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். போட்டுவிட்டால் சந்தோஷம், அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். புரிந்த மாதிரி இருப்பதும் புரிந்திருப்பதும் வேறு வேறு. அந்த வித்தியாசம் பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தெரியாது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. டெல்லி உதவியாளர், காளிகுப்பத்து இளம்பெண், நம் தன்னார்வலர் ஆகிய மூவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூவரும் நம்மைப் போல் பணி நியமனம் பெற்ற ஆசிரியர்கள் அல்ல. பிள்ளைக்கு ஓர் ஆள் தேவை என்பது உறுதி. ஆனால் அந்த ஆள் பயிற்சி பெற்ற, முழுச் சம்பளம் வாங்கும் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தச் சோதனைகள் நிரூபிக்கவில்லை. இதை நம் ஆசிரியர்கள் பேசத் தயங்குகிறார்கள், நான் பேச விரும்புகிறேன். ஏனென்றால் வரக்கூடிய ஆபத்து ஆளில்லாத வகுப்பறை அல்ல. ஒரு திரையும், அதன் பக்கத்தில் மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு ஓர் உதவியாளரும் இருக்கும் வகுப்பறை. அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியரும் இருப்பார், நல்ல செயலியும் இருக்கும். மலையடிவாரத்துப் பிள்ளைக்கு இரண்டில் மலிவானது எதுவோ அது வரும்.

அது ஏன் போதாது என்பதற்கு என்னிடம் இருப்பது ஆய்வு அல்ல, என் அனுபவத்தின் முடிவுதான். உதவியாளர் பிள்ளையை உட்கார வைப்பார், ஊக்கப்படுத்துவார், கேட்பார். அது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 35 என்ற விடையைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இரண்டு வழி இருக்கலாம் என்று சந்தேகப்பட, குச்சியை வைத்துவிட்டுச் சொல்லை மாற்ற, பயிற்சியும் பல வருடப் பழக்கமும் வேண்டும். செயலியிடம் இல்லாத நம் அறிவு பாட அறிவு அல்ல. பாட அறிவில் அது நம்மை எப்போதோ தாண்டிவிட்டது. பிள்ளை எப்படியெல்லாம் தப்பாக யோசிக்கும், இந்தப் பிள்ளை ஏன் இன்று இப்படி யோசிக்கிறது என்ற அறிவுதான் நம்முடையது. கையேட்டைப் பார்த்துக் கரும்பலகையில் விடை எழுதிப் போடுவதையே ஆசிரியர் வேலை என்று இருப்பவரின் இடத்தைச் செயலி எடுத்துக்கொண்டால், அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு நஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் அக்கா மகனின் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நல்லவர், கையில் வேறு வேலை திணிக்கப்பட்டவர். இன்று நம்மில் பலர் பாடவேளையில் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போனில் தரவு ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தொழில்நுட்பம் ஆசிரியரை வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்ட உதாரணம் கேட்டால், நான் நேரில் கண்டது இதுதான்.

ஆகவே பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கருவிகளைப் பயப்படாமல் பழகிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு செயலி உங்கள் பள்ளிக்கு வரும்போது, எது பிள்ளைக்கு உதவும், எது விடையை மட்டும் கொடுக்கும் என்று பார்த்துச் சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் தவறான விடைகளுக்கென்று ஒரு தனி நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில், அந்தப் பிள்ளையிடமே கேட்டு, அது சொன்ன காரணத்தை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். ஒரு பருவம் முடிவதற்குள் எந்தப் பாடநூலிலும் கிடைக்காத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

இன்னொரு சின்ன வேலை. ஏதாவது ஒரு பிள்ளைக்குப் போனில் ஒரு பாடத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அது எத்தனை தடவை திரையிலிருந்து தலையைத் தூக்குகிறது, எந்த இடத்தில் தூக்குகிறது, யாரைப் பார்க்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதை இங்கே எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன்.